இருட்டறையில் ஒரு முகம், இரும்புப் பெட்டியில் ஓர் உலகம்

நம்மில் பலருடைய இல்லங்களில் பரண்மீது ஒரு தகரப் பெட்டி உண்டு. நிலப் பத்திரம், ஞானஸ்நானச் சான்று, பாட்டியின் அறுந்த செபமாலை, எவரும் படிக்காத கடிதக் கட்டு ஆகியவற்றின் அடியில் பழுப்பேறிய புகைப்படங்கள் சில கிடக்கும். சென்ற தவக்காலத்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக நாமும் அத்தகைய பெட்டி ஒன்றைக் கீழே இறக்கினோம். அதில் ஒரு குரூப் போட்டோ இருந்தது. ஆலயத்தின் முன்படிகளில் புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் முப்பத்தொருவர். பையன்கள் கையில் மெழுகுதிரி; சிறுமியர் தலையில் வெள்ளை முக்காடு. நடுவே நாற்காலியில் பங்குக் குருவானவர். ஓரத்தில் தோளில் துண்டுடன் உபதேசியார். படத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை மட்டுமே காணப்பட்டது. பெயர் ஒன்றுகூட இல்லை, ஆண்டும் இல்லை. அப்பிள்ளைகளுள் ஒருவர் நம் தந்தையார் என்பது திண்ணம். ஆனால் எவர்? அவரையே கேட்கலாமென்றால், அவர் கல்லறைத் தோட்டத்தில் துயில்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

அப்படத்தைக் கையில் வைத்தபடி அமர்ந்திருந்தபோது, காமிரா பிடித்த இரு கத்தோலிக்கரின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. ஒருவர் இத்தாலிய வழக்கறிஞர். தாம் தேடாத ஒன்றைத் தம் காமிராவிலே கண்டவர். மற்றவர் அயர்லாந்து நாட்டு இயேசு சபைக் குரு. அவர் தேடிச் சேர்த்தவற்றை அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் வேறொருவர் தற்செயலாகக் கண்டெடுத்தார். இவ்விருவர் கதையையும் இங்கே எழுத விழைகின்றோம்.

இத்தாலியின் தூரின் நகரப் பேராலயத்தில் பேணப்பட்டுவரும் திருப்போர்வையை வாசகர் அறிவர். 14 அடிக்கு மேற்பட்ட நீளமும் மூன்றரை அடி அகலமும் உடைய பழைய துணி அது. அறையப்பட்ட ஒரு மனிதரின் உருவம், முன்புறமும் பின்புறமுமாக, மங்கிய பழுப்புச் சாயலில் அதன்மேல் காணப்படுகின்றது. அருகில் நின்று நோக்கினால் கறைபோலத் தோன்றும். சற்று விலகி நின்றாலே உருவம் புலப்படும். 1898-ஆம் ஆண்டு மே மாதம் அத்துணி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அக்காலத்தில் அது சவோய் அரச குடும்பத்தின் உடைமை. எனவே அதனைப் புகைப்படம் எடுக்க மன்னர் முதலாம் உம்பெர்த்தோவின் இசைவு வேண்டியிருந்தது. இசைவு கிடைத்தது; செக்கோந்தோ பியா என்பவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. பியா ஆஸ்தி நகரத்தவர், தொழிலால் வழக்கறிஞர், ஓய்வு நேரங்களில் காமிராவோடு பழைய ஆலயங்களைத் தேடித் திரிந்தவர்.

மே 25 அன்று நடந்த முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. மின்விளக்கு அந்நாளில் புதுமை. ஒளியைச் சமப்படுத்துவதற்காக விளக்குகளுக்கு முன் வைத்த தேய்த்த கண்ணாடிகள் வெப்பம் தாங்காமல் விரிசல் கண்டன. மே 28 இரவு, மக்கள் கலைந்து சென்ற பின்னர், அவர் மீண்டும் வந்தார். இப்போதோ வேறொரு தடை: அரச குடும்பத்து இளவரசி ஒருவரின் விருப்பப்படி துணியின் முன்னே கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். விளக்கொளி அதில் பட்டுத் திரும்பி உறுத்தியது. அதையும் சமாளித்துப் பெரிய கண்ணாடித் தகடுகளில் படத்தைப் பதித்தார். ஒரு பதிவுக்குப் பதினான்கு நிமிடம், மற்றொன்றுக்கு இருபது நிமிடம் பிடித்தது. இன்று கண்ணிமைக்கும் நேரத்தில் நூறு படம் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இது கட்டுக்கதையாகத் தோன்றலாம்.

நள்ளிரவை ஒட்டிய வேளையில் இருட்டறையில் தகட்டைக் கழுவத் தொடங்கினார் பியா. பிலிம் காமிராவைக் கையாண்ட பெரியோர்க்கு நெகடிவ் இன்னதென விளக்க வேண்டியதில்லை; இளையோர்க்காக ஒரு சொல். நெகடிவில் வெண்மை கருமையாகவும், கருமை வெண்மையாகவும் மாறிப் பதியும். நரைத்த தாத்தா அதில் கருங்குழலராகத் தோன்றுவார். முகம் பேய்முகமாகத் தெரியும். அதை மீண்டும் தாளில் அச்சிட்டால்தான் உண்மை உருவம் கிட்டும். பியாவின் கையிலிருந்த தகட்டிலோ நேர்மாறாக நிகழ்ந்தது. நெகடிவிலேயே ஒரு மனித முகம், ஒளியும் நிழலும் உரிய இடங்களில் அமைந்து, உயிருள்ள முகம்போல எழுந்து வந்தது. மூடிய விழிகள், நீண்ட மூக்கு, தாடி, அமைதி தவழும் தோற்றம்! துணியிலுள்ள உருவமே நெகடிவின் இயல்பைக் கொண்டது என்பதை மனிதக் கண் முதன்முதலாகக் கண்டது அவ்விரவில்தான். அதிர்ச்சியில் தகடு தம் கையினின்று நழுவ இருந்ததாகப் பியா பின்னாளில் கூறியுள்ளார்.

இதனால் அவருக்குப் புகழ் மட்டும் கிட்டவில்லை. படத்தில் கைவேலை செய்தார் என்றும், தகட்டைக் கழுவுகையில் தவறிழைத்தார் என்றும் பழி எழுந்தது. வழக்காடி வாழ்ந்த மனிதருக்குத் தம் வழக்கில் சாட்சி சொல்ல எவரும் இல்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1931-இல் திருப்போர்வை மீண்டும் வெளியே எடுக்கப்பட்டது. ஜுசெப்பே என்றீ என்னும் தொழில்முறைப் புகைப்படக்காரர் மேம்பட்ட கருவிகளுடன் படம் எடுத்தார். அதே முகமே வந்தது. எழுபத்தைந்து வயது முதியவராக அருகில் நின்று பியா அதனைக் கண்டார்.

அத்துணி ஆண்டவரை அடக்கம் செய்த போர்வைதானா என்னும் வழக்கில் தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. 1988-இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் நடத்திய கரிமச் சோதனை, துணி 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட காலத்தது என்றது. அம்முடிவை மறுத்துரைப்போரும் உளர். 1998-இல் தூரினுக்குச் சென்ற திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், இது விசுவாசத்தைச் சார்ந்த வினா அன்று எனக் கூறி ஆய்வை அறிஞரிடமே விட்டுவிட்டார். நமக்கும் அதுவே போதும். பியாவின் இரவு பொய்யாகிவிடாது. அவர் கண்டதைக் கண்டார்.

அந்தத் தூரினுக்கு அருகில் கியேரி என்றொரு சிற்றூர் உண்டு. புனித தொன் போஸ்கோ குருமாணவராய்ப் பயின்ற ஊர் எனச் சொன்னால் வாசகர்க்கு உடனே விளங்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தத்துவம் பயில வந்த அயர்லாந்து இயேசு சபை மாணவர் ஒருவரிடமும் ஒரு காமிரா இருந்தது. அவரே நாம் கூறவந்த இரண்டாமவர், பிரான்சிஸ் பிரவுன்.

1880-ஆம் ஆண்டு ஜனவரி 3 அன்று கார்க் நகரில், எட்டுப் பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். அவர் பிறந்த எட்டாம் நாள் தாய் காலமானார். ஒன்பது வயதில் தந்தையும் கடலில் நீந்தச் சென்று மூழ்கி இறந்தார். அநாதையான சிறுவனுக்குத் தாயும் தந்தையுமாய் நின்றவர் சிறிய தந்தையார் ராபர்ட் பிரவுன். இவர் 1894-இல் கிளாய்ன் மறைமாவட்டத்தின் ஆயரானார். 1897-இல் பிரான்சிஸ் இயேசு சபையில் சேருமுன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவர அனுப்பியபோது, ஆயர் அவர் கையில் ஒரு காமிராவைக் கொடுத்தார். ஆயர்கள் மருமக்களுக்குச் செபமாலையும் செபப்புத்தகமும் கொடுப்பதே வழக்கம். இவர் காமிரா கொடுத்தார். கொடுத்தது வீண்போகவில்லை. 1909-இல் உரோமைக்குச் சென்றபோது திருத்தந்தை பத்தாம் பத்திநாதரையே படம் எடுக்கும் பேறு அவ்விளைஞருக்குக் கிட்டியது.

1912 ஏப்ரலில், டப்ளினில் இறையியல் பயின்றுகொண்டிருந்த பிரான்சிஸுக்கு ஆயரிடமிருந்து மற்றொரு பரிசு வந்தது. அது ஒரு கப்பல் சீட்டு. கப்பலின் பெயர் டைட்டானிக். இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் ஏறி, பிரான்சின் ஷெர்பூர் வழியாக அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் இறங்க வேண்டும்; முதல் வகுப்புப் பயணம். இன்று கோவ் எனப்படும் குவீன்ஸ்டவுனே ஆயரின் இருப்பிடம். ஏப்ரல் 10 அன்று கப்பலேறியது முதல் அவர் கை ஓயவில்லை. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே 'நியூயார்க்' என்னும் மற்றொரு கப்பல் கட்டறுந்து இதன்மேல் மோத வந்ததையும் படமெடுத்தார். உணவுக் கூடம், மேல்தளம், உலாவும் பயணிகள், உடற்பயிற்சிக் கூடம் என ஒவ்வொன்றாய்ப் பதித்தார்.

உணவு மேசையில் அறிமுகமான செல்வந்த அமெரிக்கத் தம்பதியருக்கு இந்த இளம் துறவியைப் பிடித்துப்போயிற்று. எங்களோடு நியூயார்க் வரை வாருங்கள், போகவரச் செலவு எங்களுடையது என்றார்கள். அவர் கப்பலின் கம்பியில்லாத் தந்தி மூலம் சபைத் தலைவரிடம் அனுமதி கேட்டார். மறுநாள் குவீன்ஸ்டவுனில் மறுமொழி காத்திருந்தது. 'அந்தக் கப்பலை விட்டு இறங்குக' என்ற கட்டளையும், அதன்கீழ் மாநிலத் தலைவர் என்ற பதவிப் பெயரும். அவ்வளவே. அன்புச் சொல் ஒன்றில்லை, காரணமும் இல்லை.

அவர் இறங்கினார். கரைக்குச் செல்லும் சிறு கப்பலிலிருந்து அண்ணாந்து, மேல்தளத்தில் நின்று கீழே நோக்கிய கப்பல் தலைவர் ஸ்மித்தையும் ஒரு படம் எடுத்தார். அத்தலைவருடைய கடைசிப் படங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. ஏப்ரல் 15 விடியற்காலை டைட்டானிக் மூழ்கியது. மாண்டவர் ஏறத்தாழ 1,500 பேர். அத்தந்தியைப் பிரவுன் அடிகளார் மடித்துத் தம் பணப்பையில் வைத்துக் காத்து வந்தார்; கீழ்ப்படிதல் ஒருவனின் உயிரைக் காத்தது இந்த ஒருமுறைதான் என நகைச்சுவையாகச் சொல்வாராம். மேலதிகாரிகள் அனுப்பும் மாற்றல் உத்தரவுகளை எல்லாக் குருக்களும் இத்துணை அன்போடு பாதுகாப்பதில்லை!

ஆயினும் இக்கதையை ஞானப் பிரசங்கங்களில் எடுத்தாள்வோர் ஒன்றை மறக்கலாகாது. அக்கப்பலிலிருந்து இறங்காத குருக்கள் மூவர் உண்டு: இங்கிலாந்தின் தாமஸ் பைல்ஸ், லித்துவேனியாவின் யுவோசாஸ் மொன்ட்விலா, செர்மானியப் பெனதிக்துச் சபையின் யோசேப் பெருஷிட்ஸ். இறுதி வேளையில் பைல்ஸ் அடிகளார் பயணிகளின் பாவசங்கீர்த்தனம் கேட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைப் பிழைத்தவர்கள் கண்டு கூறினர். மூவரும் கப்பலோடு மாண்டனர். அவர்களுக்குத் தந்தி வரவில்லை. இறைவன் ஒருவரைக் காத்தார், மற்றவரைக் கைவிட்டார் என்று கணக்கெழுத நம்மால் இயலாது. பிரவுன் அடிகளாரும் அவ்வாறு எழுதியதாகத் தெரியவில்லை.

கப்பல் மூழ்கிய செய்தி பரவியதும் அவர் எடுத்த படங்களை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. உல்லாசப் பயணத்தின் நினைவுக்காக எடுத்தவை ஒரே இரவில் ஈமச் சான்றுகளாயின. உடற்பயிற்சிக் கூடத்தில் வெள்ளுடையில் காட்சிதரும் ஆசிரியர் மக்காலி இறந்துபோனார். கம்பியில்லாத் தந்தி அறையின் படம் ஒன்றின்மேல் ஒன்றாக இருமுறை பதிந்து குழம்பியிருக்கின்றது. வேறு சமயமாயின் எவரும் அதைக் குப்பையில் எறிந்திருப்பர். ஆனால் அபாயச் செய்தியை உலகுக்கு அனுப்பிய அவ்வறைக்கு இருக்கும் படம் அது ஒன்றே. மேல்தளத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பம்பரம் விட்டுக்கொண்டிருக்கின்றான். தந்தை அருகில் நின்று பார்க்கின்றார். அக்குடும்பம் படகேறித் தப்பியது. எனினும் அச்சிறுவன் மூன்றாண்டுகள் கழித்து, 1915-இல் மோட்டார் விபத்தில் இறந்தான். பம்பரம் மட்டும் அப்படத்தில் இன்றும் சுழல்கின்றது.

1915 ஜூலை 31, புனித இஞ்ஞாசியார் திருநாளன்று, ஆயரான சிறிய தந்தையாரின் கையாலேயே பிரவுன் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் ஆன்மகுருவாகப் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் சென்றார். ஐந்து முறை காயமுற்றார். நச்சுப்புகையால் கடுமையாகத் தாக்கப்பட்டார். வீரப் பதக்கங்களும் பெற்றார். அங்கும் காமிரா உடன் இருந்தது. நச்சுப்புகையால் கெட்ட உடல் தேறுவதற்காக 1924-இல் வெயில் மிகுந்த ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். திரும்பும் வழியில் நம் அண்டையிலுள்ள இலங்கையிலும் தங்கிச் சென்றார்.

பின்னர் அவருக்கு அமைந்த பணி காமிராக்காரருக்கென்றே அமைந்தது போன்றது. அயர்லாந்து முழுவதும் பங்குதோறும் சென்று ஞானஒடுக்கம் கொடுக்க வேண்டும். பிரசங்கம் பெரும்பாலும் மாலையில்தான். பகலில்? பகலெல்லாம் வீதியில் நின்றார். சந்தை கூடும் நாள், குதிரை வண்டி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், பட்டறை, தொடருந்து நிலையம், இடிந்த துறவு மடம் என எதையும் விடவில்லை. அயர்லாந்தில் அவர் கால்படாத பங்கு அரிது என்பர். இங்கே நாம் வியப்பது அவர் எடுத்த படங்களின் தொகையை மட்டுமன்று. நெகடிவ்களில் பெரும்பாலானவற்றுக்கு இடமும் நாளும் பொருளும் குறித்து வைத்தார். பிரசங்கம் முடித்துக் களைத்து வந்த மனிதர் இரவில் அமர்ந்து இத்தனையும் எழுதினார் என்றால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1960 ஜூலை 7 அன்று டப்ளினில் காலமானார். துறவிக்குச் சொத்து ஏது? அவர் விட்டுச்சென்ற பெரிய இரும்புப் பெட்டி சபையின் பழைய ஆவணங்களோடு ஒதுக்கி வைக்கப்பட்டது. டைட்டானிக் படங்களுக்காக அவரைச் சிலர் நினைவுகூர்ந்தனர். மற்றவை இருப்பதையே உலகம் அறியவில்லை. ஆண்டுகள் இருபத்தைந்து உருண்டன.

1985-இல் எட்டி ஓடானல் என்னும் இயேசு சபைக் குரு தற்செயலாக அப்பெட்டியைத் திறந்தார். உள்ளே கட்டுக்கட்டாக நெகடிவ்கள். எண்ணி முடித்தபோது ஏறத்தாழ 42,000. லண்டன் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியர், சாக்கடல் ஏட்டுச்சுருள்கள் கிடைத்ததற்கு இதனை ஒப்பிட்டார். பத்திரிகையாளருக்கே உரிய மிகைக்கூற்றுத்தான். எனினும் முற்றிலும் மிகை என்று தள்ளவும் இயலவில்லை. ஒரு நாட்டின் அரை நூற்றாண்டு வாழ்வு ஒரே மனிதரின் கண்வழியே அங்கே அடங்கியிருந்தது.

ஆனால் கண்டெடுத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. அந்நாளைய பிலிம்களில் பெரும்பகுதி நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், தீப்பற்றாவிட்டாலும் காலப்போக்கில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஈற்றில் தூளாகிவிடும். பெட்டி இன்னும் சில ஆண்டுகள் மூடியே கிடந்திருந்தால் ஓடானல் அடிகளார் ஒரு குவளைத் தூளைத்தான் கண்டிருப்பார். டேவிட் டேவிசன், எட்வின் டேவிசன் என்னும் தந்தையும் மகனும் அப்பணியை ஏற்றனர். நைட்ரேட் நெகடிவ்களை ஒவ்வொன்றாகப் புதிய பிலிமுக்குப் படியெடுத்துக் காத்தனர். அந்நாட்டு வங்கி ஒன்று செலவுக்குக் கைகொடுத்தது. அதன்பின் நூல்கள் தொடர்ச்சியாக வெளிவந்தன. டைட்டானிக் படங்கள் 1997-இல் தனி நூலாயின. நூல்களில் படத்துக்குப் படம் ஊரும் ஆண்டும் காணப்படுவதற்குக் காரணம், என்றோ இரவில் அமர்ந்து எழுதிய அந்தக் குறிப்புகளே. அவை இல்லையேல் 42,000 படங்களும் நம் வீட்டுக் குரூப் போட்டோவின் கதியையே அடைந்திருக்கும்.

அக்குரூப் போட்டோவை நாம் மீண்டும் பரணில் ஏற்றவில்லை. பாஸ்கா முடிந்த ஞாயிறன்று, பூசைக்குப் பின், தந்தையாரின் மூத்த சகோதரியான பெரிய அத்தையிடம் எடுத்துச் சென்றோம். அவருக்கு எண்பத்தெட்டு வயது. காலையில் என்ன உண்டார் என்பது நினைவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பியவர், இரண்டாம் வரிசையில் விரலை வைத்தார். "இவன்தான் உன் அப்பன். மெழுகுதிரி அணைந்துவிட்டதென்று அழுதான், பார், உதட்டை" என்றார். பார்த்தோம், ஆம், உதடு பிதுங்கியிருந்தது. பிறகு ஒவ்வொருவராய்ச் சொல்லிக்கொண்டே வந்தார். இன்னார் வீட்டுப் பெண், கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். இவன் பர்மாவுக்குப் போனவன், வரவேயில்லை. இது உபதேசியாரின் மகள். மை ஊறிவிடும் என்பதால் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தில் எழுதினோம். இருபத்தாறு பெயர்கள் தேறின. நான்கு முகங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். கடைசி வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு சிறுமியின்மேல் மட்டும் விரலை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். பெயர் நாக்கின் நுனியில் நிற்கிறது, வரவில்லை, அடுத்த ஞாயிறு வா என்றார். அவ்விடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கின்றோம்.